மின்னின் விரைவும் கருவியின் விரைவும்

மின்னழுத்தம் குறைந்த மாலைப்பொழுதில் விசிறி மெல்லச் சுழல்வதை யாவரும் கண்டிருப்பர். அதனைக் கண்ட மாணவர் சிலர், கணினியும் கைபேசியும் மந்தமாகும்போதும் ‘மின்சாரம் போதவில்லை’ என்று காரணங் கூறுவர். வேறு சிலர் அயலிலுள்ள மின்மாற்றியின் காந்தப் புலத்தைக் குறை சொல்வர். இவற்றுள் மெய் எது, மயக்கம் எது என்பதை ஈண்டு ஆராய்வாம். தமிழாசிரியருக்குப் பௌதிகம் எதற்கெனின், சம்மாந்துறைக்கு அண்மையிலுள்ள காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் முதலில் விஞ்ஞான ஆசிரியர். பின்னரே தமிழ்ப் பேராசிரியர் என விடை கூறுவாம்.

செப்புக் கம்பியினுள் இலத்திரன்கள் நகரும் வேகம், வீட்டுக் கம்பிகளில், பெரும்பாலும் வினாடிக்கு ஒரு மில்லிமீற்றரிலுங் குறைவு. எறும்பும் அவற்றை முந்திவிடும். அங்ஙனமாயின் ஆளியை அழுத்தியவுடன் விளக்கு எரிவதெங்ஙனம்? நீர் நிறைந்த குழாயின் ஒரு முனையிலே தள்ளினால் மறுமுனையில் உடனே நீர் வெளிப்படுகின்றதன்றோ? அவ்வாறே, விரைந்து செல்வது இலத்திரனன்று. கம்பியைச் சூழ்ந்த மின்காந்தப் புலத்தில் எழும் மாற்றமே. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். காப்பிட்ட கம்பிகளிற் செல்லும் சைகை பெரும்பாலும் அதன் மூன்றில் இரு பங்கு வேகத்தைப் பெறும். எனவே புலம் விரைவுக்குப் பகையன்று. விரைவின் ஊர்தியே அதுதான்.

பின்னர் தாமதம் எங்கிருந்து வருகின்றது? 1858ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் காலிக்கும் இடையில் நம் நாட்டின் முதல் தந்திக்கம்பி இயங்கலாயிற்று. அதே ஆண்டில் அயர்லாந்துக்கும் நியூபவுண்லாந்துக்கும் இடையே அத்திலாந்திக் கடலடியில் வடம் இடப்பட்டது. விக்டோறியா மகாராணியார் அனுப்பிய 98 சொற்களைக் கொண்ட வாழ்த்து அவ்வடத்தினூடு சென்று சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் விரைவு கூடுமென எண்ணிய வைற்கவுஸ் என்பார் ஏறத்தாழ 2,000 வோல்ற்றுச் செலுத்தினார். முன்னரே பழுதுற்றிருந்த வடம் சில வாரங்களுள் முற்றாகச் செயலிழந்தது.

உண்மைக் காரணத்தை வில்லியம் தொம்சன் முன்னரே உணர்த்தியிருந்தார். வரண்ட வாய்க்காலில் மடை திறந்தால், முதல் நீரை மண் குடித்த பின்னரே கடைசி வயலுக்கு நீர் எட்டும் என்பதை நம் வட்டைகளில் உழுவார் அறிவர். வடமும் அவ்வாறே தன்னுள் மின்னேற்றத்தை நிரப்பிக்கொள்ளும். நிரம்ப எடுக்கும் காலம் வடத்தின் தடையையும் கொள்ளளவத்தையும் பொறுத்தது. நீளம் இருமடங்காயின் தாமதம் நான்கு மடங்காகும். மடையை அளவின்றித் திறந்தால் வாய்க்கால் வரம்பே உடையும். தடித்த செப்பும் நல்ல காப்பும் கொண்ட வடம் 1866இல் இடப்பட்ட பின்னரே நிலைத்த தொடர்பு உண்டாயிற்று.

இன்றைய கணினியின் நுண்சில்லிலும் இதே நியதி ஆட்சி செய்கின்றது. அதிலுள்ள கோடிக்கணக்கான திரான்சிற்றர்களும் அவற்றை இணைக்கும் நுண்கம்பிகளும் மின்னேற்றம் பெற்றும் இழந்துமே கணக்கிடுகின்றன. மின்னழுத்தத்தைக் கூட்டினால் அவை விரைந்து மாறும் என்பது மெய்யே. ஆனால் அதனால் எழும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். வெப்பம் எல்லை கடந்தால் கருவி தன்னைக் காக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெயிலில் வைத்த கைபேசியும், தூசியடைந்த கணினியும் மந்தமாவது இதனாலேயே.

விசிறியின் நிலை வேறு. அதன் மோட்டர் வழங்கலின் மின்னழுத்தத்தை நேரே உணர்கின்றது. கணினியின் வழங்கற் பகுதியோ நம் வீட்டு 230 வோல்ற்று ஆடலோட்டத்தைச் சிறிய, நிலையான நேரோட்டமாக மாற்றித் தருகின்றது. வழங்கல் ஓரளவு தாழ்ந்தாலும் கணினி தன் வேகத்திலேயே இயங்கும். மிகத் தாழ்ந்தால் மெல்ல இயங்காது, நின்றுவிடும்.

புறத்துப் புலங்களின் செயல் யாது? மாறும் காந்தப் புலம் கடத்தியில் மின்னைத் தூண்டும் என்பதை 1831இல் பரடே காட்டினார். அத்தூண்டல் சைகையின் வேகத்தைக் குறைப்பதன்று, சைகையைச் சிதைப்பது. கடிதம் மழையில் நனைந்து எழுத்தழிந்தால் மீண்டும் எழுதி அனுப்பவேண்டுமன்றோ? அவ்வாறே சிதைந்த செய்தியைக் கருவிகள் திரும்ப அனுப்புகின்றன. அதுவே மந்தமாக நமக்குத் தோன்றுகின்றது. நுண்ணலை அடுப்பு இயங்கும்போது வைபை தளர்வது இவ்வகையினது. இரண்டும் ஏறத்தாழ ஒரே மீடிறனைப் பயன்படுத்துகின்றன. கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கினால், அடுத்தடுத்த முறுக்குகளில் எழும் தூண்டல்கள் ஒன்றையொன்று நீக்கும். உலோக உறையும் காவலாகும்.

இவ்வளவு ஆராய்ந்தும் ஒரு தாமதம் எஞ்சுகின்றது. 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிய பின், கடலலை நம் கரையை அடையக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் சென்றது. இடைத்தூரம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். வடத்திற் செல்லும் சைகைக்கு அது நூறிலொரு வினாடியும் ஆகாத பயணம். ஆயினும் கல்முனையிலும் காரைதீவிலும் மருதமுனையிலும் கரையோரத்தே வாழ்ந்தோருக்கு எச்சரிக்கை வரவில்லை. அன்று குறைவுற்றது மின்னின் விரைவன்று. அறிந்தவரிடமிருந்து அறியாதவருக்குச் செய்தி செல்லும் ஒழுங்கே.

ஆதலின் மாணவர் கருவியின் இயல்பைக் காரணகாரியத்தோடு கற்பாராக. கற்றதை வீட்டாருக்கும் அயலாருக்கும் விளங்கும் தமிழில் எடுத்துரைப்பாராக. பல துறைகளிற் பணிபுரியும் பழைய மாணவரும் தத்தம் துறையறிவை ஆண்டுக்கொரு முறையேனும் இம்மாணவரிடம் வந்து கூறுவாராயின், அதனினும் சிறந்த விழாப் பரிசு வேறில்லை.