ஒன்றெனத் தோன்றும் இரு ஞாயிறுகள்

"விண்மீனைத் தராசில் இட்டு நிறுத்தவர் யார், ஐயா?" என்று வகுப்பிலே மாணவன் ஒருவன் வினவினான். விண்மீன் ஒன்றின் திணிவு ஞாயிற்றின் திணிவுக்கு இத்தனை மடங்கு என ஒரு நூலில் அவன் வாசித்திருந்தான். தமிழாசிரியனாகிய யான் உடனே விடை கூற இயலாது நின்றேன். "நூலிற் கூறியிருக்கின்றது" என்று சொல்லித் தப்பியிருக்கலாம், அது விடையாகாது. பின்னர்க் கற்றறிந்ததை ஈண்டு எழுதுகின்றேன்.

வைகாசி, ஆனி மாதங்களில் முன்னிரவிலே தெற்கு நோக்கி நிற்போர்க்கு அடிவானத்தின் மேலே தென்சிலுவை தோன்றும். அதன் இடப்புறத்தே பேரொளி வாய்ந்த மீன்கள் இரண்டு உள. சிலுவைக்கு அண்மையில் நிற்பது நீலம் பாய்ந்த வெண்ணிறத்தது. அதற்கும் அப்பால் இடப்புறத்தே நிற்பது இளமஞ்சள் நிறத்தது. பின்னையதே அல்பா சென்ரோறி. சீரியசுக்கும் அகத்திய மீனுக்கும் அடுத்தபடியாக இரவு வானில் ஒளிமிக்க விண்மீன் இதுவே. யாழ்ப்பாணத்தில் இஃது உச்சங்கொள்ளும் வேளையிலும் இருபது பாகைக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலேயே நிற்குமாதலின், பனைகள் மறைக்காத வெளியிடத்தில் நின்று காண்டல் வேண்டும்.

வெறுங்கண்ணுக்கு இஃது ஒரு மீனே. 1689ஆம் ஆண்டு மார்கழியில், புதுச்சேரியிலே வால்வெள்ளி ஒன்றைத் தொலைகாட்டியால் நோக்கிக்கொண்டிருந்த றிஷோ என்னும் இயேசு சபைத் துறவி, அஃது ஒன்றன்று, இரண்டு எனக் கண்டார். தமிழர் வாழும் கரையிலே நின்று இவ்வுண்மை முதன்முதல் அறியப்பட்டமை நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரு மீன்கள் அருகருகே தோன்றுதல் மாத்திரம் அவை துணையாகும் என்பதற்குச் சான்றாகாது. ஒன்று அண்மையிலும் மற்றது வெகு தொலைவிலும் இருந்து, ஒரே திசையிற் காணப்படுதலுங் கூடும். மெய்யான துணைகள் ஒன்றையொன்று சுற்றி வருவன என்பதை 1803இல் வில்லியம் ஹேர்சல் வேறு பல இரட்டைகளைக் கொண்டு நிறுவினார். நமது இரட்டையும் அவ்வகையினதே. அவை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டுகள் செல்லும்.

இனித் தூரத்தை ஆராய்வாம். புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட சராசரித் தூரமாகிய 15 கோடி கிலோமீற்றரை ஓரலகு எனக் கொள்க. புவி ஞாயிற்றைச் சுற்றுவதால், அண்மையிலுள்ள மீன் தொலைவிலுள்ள மீன்களுக்கிடையே சிறிது இடம்பெயர்ந்து தோன்றும். அம்மீனிலிருந்து நோக்கினால் மேற்கூறிய ஓரலகு எத்துணைக் கோணமாகத் தோன்றும் என்பதை இப்பெயர்ச்சி காட்டும். அக்கோணம் 0.75 விகலை, விகலையாவது பாகையின் 3,600இல் ஒரு கூறு. இதிலிருந்து பெறப்படும் தூரம் 4.34 ஒளியாண்டு, அதாவது ஏறத்தாழ 41 இலட்சம் கோடி கிலோமீற்றர். தோமஸ் ஹென்டர்சன் இதற்கான அளவுகளை நன்னம்பிக்கை முனையில் 1832, 1833ஆம் ஆண்டுகளிலேயே எடுத்துவிட்டார். ஆயினும் 1839 வரை வெளியிடாதிருந்தமையால், விண்மீனின் தூரத்தை முதலில் அறிவித்த புகழ் 1838இல் பெசல் என்பாரைச் சேர்ந்தது. மாணவர் உளங்கொள்வாராக.

இப்போது நிறுக்கத் தொடங்கலாம். துணைகள் செல்லும் பாதை நீள்வளையம். அது நமக்குச் சாய்ந்து தோன்றுவதைத் திருத்திக் கணித்தால், அதன் நெட்டச்சிற் பாதி 17.5 விகலை ஆகும். ஓரலகு 0.75 விகலையாகத் தோன்றுமாயின், 17.5 விகலை எத்தனை அலகு? வகுத்தால் 23.3 அலகு கிடைக்கும். கெப்ளர் கண்டு நியூற்றன் விரித்த விதிப்படி, இதன் கனத்தைச் சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்தல் வேண்டும். கனம் 12,650, வர்க்கம் 6,400, ஈவு ஏறத்தாழ 1.98. ஆகவே இரண்டுஞ் சேர்ந்து ஏறத்தாழ இரு ஞாயிற்றின் திணிவுடையன.

இதனைப் பங்கிடுவது எவ்வாறு? காவுதடியில் ஏற்றத்தாழ்வான சுமையைக் கொண்டு செல்வோன், பாரமான பக்கத்துக்கு அண்மையாகத் தோளைக் கொடுப்பான். அவ்வாறே இரு மீன்களும் ஒரு பொதுமையத்தைச் சுற்றுகின்றன. திணிவு மிக்கது மையத்துக்கு அண்மையிற் செல்லும். அவற்றின் பாதைகள் 46க்கு 54 என்ற விகிதத்தில் உள்ளன. அதனால் முதல் மீனின் திணிவு 1.08 ஞாயிறு, இரண்டாவதன் திணிவு 0.91 ஞாயிறு எனப் பெறுகின்றோம்.

முதல் மீனின் ஆரை ஞாயிற்றினதைப் போல் 1.22 மடங்கு, ஒளி 1.5 மடங்கு, மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 5,800 கெல்வின். இரண்டாவதன் ஆரை 0.86 மடங்கு, ஒளி 0.5 மடங்கு, வெப்பநிலை ஏறத்தாழ 5,200 கெல்வின். இரண்டாவது திணிவில் ஆறிலொரு பங்கே குறைந்தது; ஒளியிலோ முதலாவதன் மூன்றிலொரு பங்கினதே. திணிவு சிறிது குறையின் ஒளி பெரிதுங் குறையும் என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றுக்கு மூன்றாந் துணையொன்றும் உண்டு. 1915இல் இன்னெஸ் என்பார் கண்ட புறொக்சிமா என்னும் செம்மீன் அது. ஞாயிற்றின் திணிவில் எட்டிலொரு பங்கே உடையதாதலின் வெறுங்கண்ணுக்குப் புலனாகாது, எனினும் 4.25 ஒளியாண்டுத் தொலைவில், ஞாயிற்றுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் அதுவே. அதனைச் சுற்றும் கோள் ஒன்று 2016இல் அறிவிக்கப்பட்டது.

இரு ஞாயிறுகளும் தம்முள் மிக நெருங்கும்போது 11.2 அலகும், மிக விலகும்போது 35.4 அலகும் இடைவெளி கொள்வன. முன்னர் 1955இல் நெருங்கின. இனி 2035இல் நெருங்கும். 1955இற் பிறந்த பழைய மாணவர் அவ்வாண்டிலே சதாபிஷேகங் காண்பர். மனிதனின் நிறைவாழ்வு ஒன்று இவற்றுக்கு ஒரு சுற்று.

அம்மாணவனை அழைத்து மேற்கூறிய கணக்கைக் கொடுத்தேன். அவன் தாளும் பென்சிலும் கொண்டு ஐந்து நிமிடத்தில் 1.98 என விடை காட்டினான். விண்மீனை நிறுத்தவர் யார் என அவன் பின்னர் வினவவில்லை. நிறுத்தவருள் தானும் ஒருவனாயினான். பிறர் சொன்னதை நம்புதல் வேறு, காரணங்கண்டு தெளிதல் வேறு. கல்லூரி நமக்குத் தரவேண்டியது பின்னையதே.