மிஞ்சின பாலை நாளைக்குத் தள்ளாதே

விருந்தாளிகள் கிளம்பியாச்சு, ஃப்ரிட்ஜில் நாலு பாக்கெட் பால் நிற்கிறதா? "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று கதவைச் சாத்தாதே. பால் நன்றாக இருக்கும்போதே என்ன செய்வதென்று முடிவு பண்ணு. வாடை வந்த பாலை எந்த இனிப்பும் காப்பாற்றாது, கொட்டிவிடு.

1. முதலில் பாக்கெட் நிறத்தைப் பார். ஆவின் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலத்தில் பனீர் போட்டுவிட்டு "இத்தனூண்டுதான் வந்தது" என்று புலம்பாதே. நீலத்தைத் தயிருக்கு ஒதுக்கு. பனீருக்கும் திரட்டுப்பாலுக்கும் ஆரஞ்சு.

2. தயிர். கொதிக்கும் பாலில் உறை ஊற்றாதே, உறை செத்துப்போகும். கை பொறுக்கிற சூட்டில் அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போதும். மழை, பனி நாளில் இரண்டு. கொஞ்சம் அதிகம் இருக்கட்டும் என்று கரண்டி நிறைய ஊற்றினால் புளிக்கத்தான் செய்யும். காலையில் உறையவில்லையா? மேலும் உறை ஊற்றாதே. பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் வை. உறைந்ததும் உடனே ஃப்ரிட்ஜுக்குள்.

3. பனீர். இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறீர்கள். பால் பொங்கியதும் அடுப்பை அணை. லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, சிறிது சிறிதாக ஊற்று. பச்சை நிறத் தண்ணீர் தெளிந்து பிரிந்ததும் நிறுத்து. அதற்குமேல் சாறும் வேண்டாம், கொதியும் வேண்டாம், பனீர் ரப்பராகிவிடும். துணியில் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசு, இல்லாவிட்டால் புளிப்பு நிற்கும். மேலே கனம் வைத்து அரைமணி நேரம். ஆரஞ்சு பால் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் கிடைக்கும். வடிந்த தண்ணீரைக் கொட்டினாயோ, திட்டுவேன்! சப்பாத்தி மாவு பிசை, ரசத்தில் ஊற்று.

4. நெய். தினமும் எடுக்கும் பாலேட்டை ஃப்ரீஸரில் சேர். வெறும் ஃப்ரிட்ஜில் நாள்கணக்காக வைத்தால் கசக்கும். டப்பா நிறைந்ததும் வெளியே எடுத்து, ஒரு ஸ்பூன் தயிர் கலந்து இரவு வைத்துவிடு; வெண்ணெய் சுலபமாகத் திரளும், நெய்யும் மணக்கும். மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டு. ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடேறி வெண்ணெய் உருகும். தண்ணீர் தெளியும்வரை வெண்ணெயை அலசிவிட்டுச் சின்னத் தீயில் காய்ச்சு. சலசலப்பு அடங்கும்போது ஒரு கை முருங்கைக்கீரை போட்டு அணைத்துவிடு. பாத்திரத்துச் சூட்டிலேயே மீதி சிவக்கும். அடுப்பிலேயே சிவக்கவிட்டால் கருகும்.

5. திரட்டுப்பாலை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள், அடுப்படியை விட்டு நகர முடியாது. அடிகனமான பாத்திரம் அவசியம். வெல்லத்தை முதலிலேயே போடாதே, பால் திரியும். நன்றாகச் சுண்டியபின் போடு.