குதிரையைத் தாங்குவது எது?

விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆணியின் முனை ஏன் கூராக இருக்கிறது, ஒட்டகம் ஏன் மணலில் புதைவதில்லை என்ற இரண்டு உதாரணங்களோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். நானும் பல ஆண்டுகளாக இந்த இரண்டையும் சொல்லித்தான் நடத்தி வருகிறேன். இம்முறை அதே வாய்பாட்டை ஒரு குதிரையின் குளம்பின் அடியில் வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ‘குவார்ட்டர்’ குதிரை என்று ஓர் இனம் உண்டு. குவார்ட்டர் என்றால் கால் பங்கு. கால் மைல், அதாவது ஏறத்தாழ 400 மீட்டர் தூரத்தை மிக விரைவாக ஓடி முடிக்கும் என்பதால் இந்தப் பெயர் வந்தது. மேற்கு மாநிலங்களின் மாட்டுப் பண்ணைகளில் மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்தெடுக்கவும், ஓடும் வேகத்தில் சட்டென நின்று திரும்பவும் இதைப் பழக்கினார்கள். 1940-ஆம் ஆண்டில் இந்த இனத்துக்கென டெக்சாஸில் ஒரு சங்கம் தோன்றியது. வம்சாவளியைப் பதிவு செய்வதும் போட்டிகளுக்கு விதி வகுப்பதும் அதன் வேலை.

பெரும்பாலான போட்டிகளில் குதிரைமேல் ஏறி ஓட்டிக் காட்டவேண்டும். ‘ஹால்ட்டர்’ என்ற பிரிவில் மட்டும் யாரும் ஏறுவதில்லை. தலைக்கயிற்றைப் பிடித்து நடத்தி வந்து நிறுத்துவார்கள். நடுவர் உடலமைப்பைப் பார்த்துப் பரிசு தருவார். பெருத்த தொடை, திரண்ட மார்பு, பளபளக்கும் தோல், அவற்றுக்குக் கீழே மெலிந்த கால், சிறிய குளம்பு ஆகியவை பல ஆண்டுகள் பரிசு பெற்று வந்தன. பரிசு பெற்ற பொலிகுதிரைக்குத்தான் குட்டிகளும் அதிகம். ஆகவே நடுவரின் கண்ணுக்குப் பிடித்தது தலைமுறைதோறும் பெருகியது.

இனி கணக்குக்கு வருவோம். குதிரை நிற்கும்போது அதன் எடையில் சுமார் 60 விழுக்காடு முன்கால்கள்மேல் விழுகிறது. 500 கிலோ குதிரையானால் ஒவ்வொரு முன்காலுக்கும் 150 கிலோ. குளம்பின் அடிப்பாகத்தை 13 செ.மீ. விட்டமுள்ள வட்டமாகக் கொண்டால் பரப்பு 133 சதுர செ.மீ.; ஒரு சதுர செ.மீ.க்கு 1.13 கிலோ வருகிறது. விட்டம் 11 செ.மீ. ஆனால் பரப்பு 95 சதுர செ.மீ.தான், அழுத்தம் 1.58 கிலோவாகிவிடுகிறது. விட்டத்தில் இரண்டே சென்டிமீட்டர் குறைந்தது. அழுத்தமோ 40 விழுக்காடு கூடிவிட்டது. உண்மையில் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது குளம்பின் விளிம்புச் சுவர் மட்டுமே என்பதால், உள்ளபடியான அழுத்தம் இதைவிட அதிகம். அதோடு இது சும்மா நிற்கும் குதிரையின் கணக்கு. நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்கால் தனியாகத் தரையை மிதிக்கும் நொடியில் மொத்த எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு, அதாவது 1250 கிலோ எடைக்குச் சமமான விசை, அந்த ஒரே குளம்பின்மேல் வருகிறது!

குதிரை பெரிதானால் குளம்பும் பெரிதாகுமே என்று நீங்கள் கேட்கலாம். கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது. ஒரு விலங்கு எல்லாப் பக்கமும் பத்து விழுக்காடு பெருத்தால் அதன் எடை 33 விழுக்காடு கூடும். பரப்போ 21 விழுக்காடுதான் கூடும். அளவொத்து வளர்ந்தாலே பாதம் சற்றுப் பின்தங்கும். உடலைப் பெருக்கி, குளம்பை மட்டும் அழகுக்காகச் சிறிதாக்கினால் என்னவாகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

குதிரையின் கால் விசித்திரமான பொறி. அது நிற்பது ஒற்றை விரலின் நுனியில். நமது நடுவிரலுக்கு ஈடான விரல் அது, நகம்தான் குளம்பாகிவிட்டது. முன்காலில் முழங்கால் என்று நாம் சொல்லும் மூட்டுக்குக் கீழே சொல்லத்தக்க தசை எதுவும் இல்லை. தசைகள் மேலே இருக்கின்றன. அவற்றின் இழுப்பைக் குளம்புவரை கொண்டுவருபவை நீண்ட தசைநாண்கள். இவற்றுள் ஆழத்தில் ஓடும் தசைநாண் குளம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறு எலும்பின்மேல் வளைந்து செல்கிறது. படகு போன்ற வடிவமுடையதால் அதைப் படகு எலும்பு எனலாம். கிணற்றுக் கயிறு கப்பியின்மேல் வளைவது போலத்தான்.

கப்பி வாங்கும் விசையை வீட்டிலேயே உணரலாம். ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி, கயிற்றை வழவழப்பான ஒரு கம்பியின்மேல் போட்டு, மறுமுனையைக் கிடைமட்டமாக இழுத்துப் பிடியுங்கள். கயிறு 90 பாகை வளைகிறது. கம்பியின்மேல் விழும் விசை வாளியின் எடையைப் போல் 1.41 மடங்கு. கயிறு 20 பாகை மட்டும் வளைந்தால் அது 0.35 மடங்குதான். குளம்பின் முன்நுனி நீண்டு, குதிகால் தாழ்ந்திருந்தால் கால் தரையை விட்டு எழும் தறுவாயில் தசைநாணின் இழுவிசை கூடுகிறது; படகு எலும்பின்மேல் அமுக்கமும் கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் அந்த எலும்பும் அதைத் தொட்டோடும் தசைநாணும் சிதைந்து, குதிரை நொண்டத் தொடங்கும். குவார்ட்டர் இனத்தில் இந்த நோய் அதிகம் காணப்படுகிறது.

குளம்புக்குச் சற்று மேலே, சரிந்து நிற்கும் குட்டையான பகுதி ஒன்று உண்டு. ஓவியர்கள் குதிரை வரையும்போது பெரும்பாலும் தவறவிடும் இடம் இது! அந்தச் சரிவுதான் அதிர்ச்சி தாங்கி. பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதுபோல, மேலுள்ள மூட்டு ஒவ்வோர் அடியிலும் சற்றே கீழிறங்கி, மோதும் நேரத்தை நீட்டி, விசையைக் குறைக்கிறது. சரிவு இல்லாமல் செங்குத்தாக நின்றால் அதிர்ச்சி நேராக எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். அப்படியானால் நன்றாகச் சரிந்திருப்பதுதானே நல்லது? அதுவும் இல்லை. அப்பகுதி 10 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். தரையோடு 50 பாகை சாய்வில் இருந்தால் அதன் கிடைத் தொலைவு 6.4 செ.மீ.; 40 பாகையானால் 7.7 செ.மீ. நெம்புகோலின் கை நீள்கிறது. தாங்கிப் பிடிக்கும் தசைநாண்கள் அவ்வளவு கூடுதலாக இழுபடுகின்றன. ஆகவே 50 பாகையை ஒட்டிய சாய்வு நல்லது எனப் பழைய குதிரைக்காரர்கள் சொன்னது வெறும் ரசனை அல்ல.

பரிசு மேடை கொண்டுவந்த தீங்கு காலோடு நிற்கவில்லை. 1969-இல் பிறந்த ‘இம்ப்ரெசிவ்’ என்ற செம்பழுப்புப் பொலிகுதிரை 1974-இல் ஹால்ட்டர் பிரிவில் உலக வெற்றிக் குதிரையாயிற்று. தசைக்கட்டு மிகுந்த அதன் குட்டிகளும் பரிசுகளை அள்ளின. ஆனால் அந்த வம்சத்தில் சில குதிரைகளுக்குத் திடீரெனத் தசைகள் துடித்தன. பலம் இழந்து கீழே விழுந்தன. சில இறந்தும் போயின. தசைச் செல்லுக்குள் சோடியம் அயனி நுழையும் வாயில் சரியாக மூடாததே காரணம் என்று 1992-இல் கண்டறிந்தார்கள். ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடும்போது நோய் தாக்குகிறது. இந்நோயுள்ள குதிரைகளை நடுவர்கள் நல்ல குதிரைகளைவிட மேலானவை என்று தேர்ந்தெடுத்து வந்ததும் பின்னர் ஓர் ஆய்வில் தெரிந்தது. நோயை யாரும் விரும்பவில்லை. ஆனாலும் பரிசு கொடுத்து வளர்த்துவிட்டார்கள்.

இது ஓங்கு பண்பு. மாறிய மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே நோய் வரலாம். இரண்டு இருந்தால் கடுமை அதிகம். ஒற்றைப் பிரதியுள்ள இரு குதிரைகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று இரட்டைப் பிரதியோடும், இரண்டு ஒற்றைப் பிரதியோடும், ஒன்று மட்டும் குறையின்றியும் பிறக்கும். மெண்டலின் கட்டத்தைப் போட்டுச் சரிபாருங்கள். 2007 முதல் பிறந்த குட்டிகளில் இரட்டைப் பிரதி உள்ளவற்றைச் சங்கம் பதிவு செய்வதில்லை. ஒற்றைப் பிரதிக்குத் தடையில்லை. பாதித் தடை என்பது என் கருத்து. ஒற்றைப் பிரதியுள்ள குதிரையைக் குறையற்ற துணையோடு சேர்த்தாலும் குட்டிகளில் பாதிக்கு நோய் மரபணு போய்ச் சேருமே!

தசை நோய்க்காவது மரபணுச் சோதனை இருக்கிறது. குளம்பின் அளவுக்கும் காலின் சரிவுக்கும் அது கிடையாது. அவற்றைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வளரும் தரையும் தீனியும் லாடக்காரர் குளம்பைச் சீவும் விதமும் அவற்றோடு கலந்துகொள்கின்றன. குதிரை வளர்ப்பவரிடம் இதற்கு உள்ளவை ஓர் அளவு நாடா, ஒரு கோணமானி, பதினைந்து வயதுவரை நொண்டாமல் உழைத்த தாய் தந்தையரின் பதிவேடு, இவ்வளவே.