கடைக்கும் பேர் பதிய வேண்டும்



நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்தாலும், செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. இது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உழைத்தது உண்மைதான். ஆனால் எழுத்தில் ஏறாத உழைப்புக்கு யார் சாட்சி சொல்வது?

இன்று நம்மில் பலர் தோட்ட வேலையோடு இன்னொரு தொழிலும் செய்கிறோம். லயத்தின் முன் காம்பராவில் ஒரு சில்லறைக் கடை, பள்ளிக்கூட வாசலில் வடை, ரொட்டி, ஒரு தையல் மெஷின், இரண்டு பசு மாடு, ஓர் ஓட்டோ என்று எத்தனையோ. கொழும்புக் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் டவுனில் சலூன், போன் கடை போடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் பதிவு என்று பேச்செடுத்தால், "நமக்கெதுக்குங்க அதெல்லாம்? பதிஞ்சா வரி கட்டச் சொல்லுவாங்க" என்று ஒதுங்கிவிடுகிறோம். இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போவது அந்தப் பயத்தைத்தான்.

வரி எதற்கு, யாருக்கு?

முதலில் ஒன்றை மனதில் வைப்போம். வருமான வரி விற்ற பணத்துக்கு அல்ல, செலவு போக மிஞ்சும் இலாபத்துக்கு. அதிலும் ஆண்டுக்கு ஒரு தொகை வரை வரியே கிடையாது. 2025 ஏப்ரல் 1ஆம் திகதியில் இருந்து அந்தத் தொகை 18 இலட்சம் ரூபா. வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடியும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு லயத்து அக்கா ரொட்டியும் வடையும் போட்டு விற்கிறார். ஒரு நாள் விற்பனை 4,000 ரூபா. மா, தேங்காய், எண்ணெய், காஸ் எல்லாம் 2,600 ரூபா. மிச்சம் 1,400. மாதம் 25 நாள் என்றால் 35,000. வருடத்துக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம். தோட்டத்துச் சம்பளம் வருடத்துக்கு 3 இலட்சம் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்த்து 7 இலட்சத்து 20 ஆயிரம். 18 இலட்சத்துக்கு எவ்வளவோ கீழே. அந்த அக்கா வருமான வரி ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.

இனி டவுனில் கடையும் ஓட்டோவும் வைத்திருக்கும் ஒருவர். செலவெல்லாம் போக வருடத்துக்கு 22 இலட்சம் கிடைக்கிறது. 18 இலட்சத்தைக் கழித்தால் மிச்சம் 4 இலட்சம். வரிக்குரிய முதல் 10 இலட்சத்துக்கு வீதம் 6. ஆகவே அவர் கட்ட வேண்டியது 24,000 ரூபா. மாதத்துக்கு 2,000 ரூபா கணக்கு. இதற்குப் பயந்து ஒளிய வேண்டியதில்லை. அவர் நவம்பர் 30ஆம் திகதிக்குள் தன் வருமான விபரத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் இந்த 'டின்' இலக்கம்? 18 வயது நிரம்பியவர்கள் இதை எடுக்க வேண்டும் என்று 2024இல் விதி வந்தபோது பலர் பதறினார்கள். அது ஒரு பதிவு இலக்கம் மட்டும்தான். டின் இலக்கம் இருப்பது வேறு, வரி கட்டக் கடமைப்படுவது வேறு. அதை எடுக்கக் கட்டணமும் இல்லை. ஆனால் திணைக்களத்தில் இருந்து கடிதம் வந்தால் கூரை இடுக்கில் சொருகி வைக்காதீர்கள். படித்துப் பதில் எழுதுங்கள்.

'வற்' வரி கோடிக் கணக்கில் விற்பவர்களுக்கு உரியது. அதற்குப் பதிந்தவர் மட்டுமே வாடிக்கைக்காரரிடம் அந்த வரியை அறவிடலாம். நாம் அறவிடக் கூடாது. நம்மிடம் வற் என்று எழுதிப் பணம் கேட்பவரிடம் அவருடைய பதிவு இலக்கத்தை நாம் கேட்கலாம்.

வியாபாரப் பெயர்ப் பதிவு

1918ஆம் ஆண்டில் இருந்தே இந்த நாட்டில் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சட்டம் இருக்கிறது. உங்கள் சொந்த முழுப் பெயரில் மட்டும் தொழில் நடத்தினால் அந்தச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்' என்று ஒரு பலகை மாட்டினால், தொடங்கிய 14 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்கிறது. படிவம் பிரதேச செயலகத்தில் கிடைக்கும். கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டைப் பிரதி, கடை இருக்கும் இடத்துக்கான ஆதாரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. ஆகவே படிவத்தைத் தமிழில் தாருங்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

நம்மவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, பெயர். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர். சேமலாப நிதி எடுக்கப் போய் இதனால் அலைந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பதியும்போது அடையாள அட்டையில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

இரண்டு, இடம். லயக் காம்பரா நமக்குச் சொந்தமில்லை. தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992க்குப் பிறகு பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் கையில் குத்தகைக்கு இருக்கின்றன. அதனால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் இடத்துக்கு ஆதாரம் காட்ட முடியாது. "துரை வாயால சொல்லிட்டாரு, போதும்" என்று இருந்துவிடாதீர்கள். துரை மாறிப் போவார். வாய்ச் சொல்லும் அவரோடு போய்விடும். கடிதம் எழுதி, திகதி போட்டு, ஆபிசில் கொடுத்து, நம் பிரதியில் 'கிடைத்தது' என்று கையெழுத்து வாங்கி வையுங்கள். புது வீட்டுக் காணிக்கு உறுதி கிடைத்தவர்கள் அதன் பிரதியைக் காட்டலாம்.

இந்தப் பதிவுப் பத்திரம் இருந்தால் கடையின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், தொழில் கடன் கேட்கலாம். அது இல்லாதபோதுதான் வட்டிக்காரனிடமும், வாரத் தவணைக் கடன்காரரிடமும் போய் நிற்கிறோம். வரிக்குப் பயந்து பதியாமல் இருப்பவர், கட்டவே தேவையில்லாத வரிக்குப் பதிலாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

பிரதேச சபை அனுமதி

பெயரைப் பதிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பெயர்ப் பதிவு வேறு, தொழில் நடத்தும் அனுமதி வேறு. சாப்பாட்டுக் கடை, பேக்கரி, சலூன் போன்றவற்றுக்குப் பிரதேச சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டணம் கட்டடத்தின் வருடப் பெறுமதியைப் பார்த்துப் போடப்படும். பத்திரம் டிசம்பர் 31 வரைதான் செல்லும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாமல் கொடுத்த பணம் சபைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது.

முன்பெல்லாம் தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்யச் சட்டமே தடையாக இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு வழி பிறந்தது. ஆகவே சபைக்குக் கட்டணம் கட்டும்போது, நம் லயத்துப் பாதைக்கும் கானுக்கும் சபை என்ன செய்கிறது என்று கேட்கவும் உரிமை உண்டு.

சாப்பாட்டுச் சாமான் செய்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஓட வேண்டாம். தொடங்கும் முன்பே அவரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். தேயிலைத் தூளைப் பக்கெட் பண்ணி விற்க நினைப்பவர்கள் முதலில் தேயிலைச் சபையை விசாரிக்க வேண்டும். கழிவுத் தேயிலையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.

இரண்டு கொப்பி

கடைக்கும் ஒரு செக்ரோல் வேண்டும். ஒரு கொப்பியில் இடப்பக்கம் வந்த பணம், வலப்பக்கம் போன பணம். இரவு படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் போதும். வாங்கிய சாமான்களின் பில்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு ஐந்து வருடம் பாதுகாத்து வையுங்கள். செலவுக்குச் சீட்டு இல்லாவிட்டால், இலாபம் இவ்வளவுதான் என்று நம்மால் நிரூபிக்க முடியாது.

மற்றது கடன் கொப்பி. சம்பள நாள் வரைக்கும் கடன் கொடுக்காமல் தோட்டத்தில் கடை நடத்த முடியாதுதான். ஆனால் 1871ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது. கடையில் கடனுக்குக் கொடுத்த சாமானுக்கு, பணம் தர வேண்டிய நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் பிறகு போட முடியாது. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, "இவ்வளவு தர இருக்கிறது" என்று கடன்பட்டவரின் கையெழுத்தும் திகதியும் வாங்கி வையுங்கள். இது சண்டைக்கு அல்ல. சண்டை வராமல் இருப்பதற்கு.

கூட்டுத் தொழில்

மச்சானும் மச்சானும் சேர்ந்து ஓட்டோ வாங்குகிறார்கள். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து தையல் கடை போடுகிறார்கள். "நமக்குள்ள என்னங்க எழுத்து?" என்கிறோம். முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்டால் கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். வாய்ப் பேச்சை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. யார் எவ்வளவு போட்டது, இலாபத்தை எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினாலோ இறந்தாலோ என்ன செய்வது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தொழிலுக்காக ஒரு கூட்டாளி பட்ட கடனுக்கு மற்றவரும் பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

நாமே முதலாளி ஆனால்

நம் மனதைத் தொட வேண்டிய பாடம் இதுதான். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, கூடைக்கு என்று கிலோக் கணக்கில் வெட்டியபோது நமக்கு வயிறு எரிந்தது. நம் கடைத் தராசைக் கொஞ்சம் பாருங்கள். வியாபாரத் தராசுக்கும் படிக்கல்லுக்கும் வருடா வருடம் பரிசோதித்து முத்திரை போட வேண்டும். விலைப் பட்டியலைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். வாடிக்கைக்காரர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும்.

சேமலாப நிதியைக் கட்டாமல் இழுத்தடித்த நிர்வாகங்களோடு நாம் போராடியிருக்கிறோம். நம் கடையில் வெளியாள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால், ஒரே ஒருவர் என்றாலும், அந்தக் கடமை நமக்கும் உண்டு. அவர் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, நாம் 12 வீதம் போட்டுச் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நம் கையால் 3 வீதம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபா ஆக்கப்பட்டு, 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா என்று சட்டமானது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021இல் இருந்து சட்டப்படி குற்றம். நம் பிள்ளைகள் யாரோ ஒருவர் கடையில் தட்டுக் கழுவிப் பட்ட கஷ்டம் போதும். நம் கடையில் இன்னொரு வீட்டுப் பிள்ளை அதைப் படக் கூடாது.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் தொழிலில் சென்ற மாதம் செலவு போக மிஞ்சியது எவ்வளவு? எழுதி வைத்திருக்கிறோமா?
2. அடையாள அட்டையிலும் செக்ரோலிலும் நம் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா?
3. இடத்துக்கான சம்மதம் கையில் கடிதமாக இருக்கிறதா, வாய்ச் சொல்லாக இருக்கிறதா?
4. நாளைக்கே நமக்கு ஒன்று நேர்ந்தால், இந்தத் தொழில் யாருடையது என்று காட்டப் பிள்ளைகளிடம் ஒரு பத்திரமாவது உண்டா?

நான்கையும் ஒரே நாளில் முடிக்க வேண்டாம். இந்த வாரம் ஒரு கொப்பி வாங்குங்கள். அடுத்த வாரம் துரைக்குக் கடிதம் எழுதுங்கள். அதற்கடுத்த வாரம் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். எழுதப் படிக்கக் கஷ்டமென்றால் வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். வாசிக்காத கடதாசியில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் நம் பேரைக் கணக்கப்பிள்ளை எழுதினார். இந்தக் கடையின் பேரை நம் கையாலே எழுதுவோம்.