சந்தைத் திடலின் நிர்வாகமும் அங்கத்தினர் கடமையும்

கிராம ஜனங்களுடைய பொருள் பணமாக மாறும் இடம் சந்தைத் திடலே. வீட்டில் வளர்த்த காளைக்கும், பட்டியில் பெருகிய ஆட்டுக்கும், தோட்டத்தில் விளைந்த காய்க்கும் நியாயமான விலை கிடைப்பதும் கிடையாததும் பெரும்பாலும் அத்திடல் நடைபெறும் முறையைப் பொறுத்திருக்கிறது. கண்ணபுரத்தில் சித்திரை மாதத்து மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குக் காங்கேயம் மாடுகளும், அந்தியூரில் ஆடி மாதத்துக் குருநாதசுவாமி திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளும் குதிரைகளும் நெடுந்தொலைவிலிருந்து வருகின்றன. மணப்பாறையும் பொள்ளாச்சியும் வாரச் சந்தையினால் பெயர் பெற்ற ஊர்கள்.

எனினும், ஒரு முறை கலைந்த சந்தையை மறுபடி கூட்டுவது அரிது. மதுரையில் மாட்டுத்தாவணி என்று சொன்னால் இன்று யாவருக்கும் நினைவுக்கு வருவது பேருந்து நிலையமே. தாவணி என்பது கால்நடைச் சந்தைக்கு நம் முன்னோர் வழங்கிய சொல். பெயர் நின்றது, மாடுகள் வேறிடம் சென்றன. ஆகவே, சந்தைத் திடலைக் குத்தகைக்கு எடுத்தோ, சொந்தமாகவோ நடத்தும் கூட்டுறவுச் சங்கம், வரும்படி குறைந்து, நிர்வாகிகளைப் பற்றி ஜனங்களுக்குச் சந்தேகமும் பிறந்துள்ள காலத்தில் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பதை இப்பாடத்தில் கவனிப்போம்.

1. திடல் நலிவதற்குக் காரணங்கள்

காரணங்கள் இருவகைப்படும். முதல்வகை, எந்தத் தலைவராலும் தடுக்க முடியாதவை. டிராக்டர் வந்த பின் உழவுக்கு எருதுகளின் தேவை குறைந்துவிட்டது. மழை பொய்த்த ஆண்டில் விற்போர் பலராகவும் வாங்குவோர் சிலராகவும் இருப்பர். கோமாரி பரவினால் சந்தையையே சில வாரம் நிறுத்தி வைக்க நேரிடும்.

இரண்டாம்வகை, நிர்வாகத்தின் கையில் உள்ளவை. தண்ணீர்த் தொட்டி வறண்டிருத்தல், நிழல் மரங்கள் பட்டுப்போதல், லாரியில் மாடு ஏற்றுவதற்கு மண்மேடு இல்லாமை, சுங்க விகிதம் எழுதிய பலகை இல்லாமை, பணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடாமை, தரகர்கள் விற்போரை நெருக்குவதைக் கண்டும் காணாதிருத்தல் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தன. தொட்டியில் தண்ணீர் இல்லாத திடலில் மாட்டுக்காரன் மத்தியானம் வரையில் காத்திருக்கமாட்டான். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவான். தண்ணீர் இல்லாமையால் சங்கத்துக்கு நஷ்டம் சில நூறு ரூபாய். அவனுக்கு நஷ்டம் சில ஆயிரம். அடுத்த வாரம் அவன் வேறு ஊர்ச் சந்தைக்குச் செல்வதில் வியப்பில்லை.

நிர்வாகத்தைக் குறைகூறுமுன், நேர்ந்த குறை இவ்விரு வகைகளில் எதைச் சேர்ந்தது என்று அங்கத்தினர்கள் பிரித்தறிய வேண்டும். மழையின் குற்றத்தைத் தலைவர் மீது சுமத்துவது அநியாயம். அவ்வாறே, தொட்டி வறண்டதற்குத் தலைவர் மழையைக் காரணம் காட்டுவதும் அநியாயம்.

2. முணுமுணுப்பும் அதன் கேடும்

வரும்படி குறைந்த இடத்தில் சந்தேகம் எளிதில் முளைக்கும். “ஏலம் தலைவரின் உறவினருக்கே விழுகிறது”, “கடை போடும் இடம் வேண்டியவருக்கே கிடைக்கிறது”, “தொட்டி செப்பனிட்டதாகச் செலவு எழுதியிருக்கிறது, தொட்டியோ உடைந்தபடியே இருக்கிறது” என்னும் பேச்சு தேநீர்க் கடையிலும் சாவடியிலும் எழும். இப்பேச்சில் உண்மை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சாவடியில் பேசப்பட்ட குறைக்கு எவரும் விடைகூறக் கடமைப்பட்டவரல்லர். ஆகையால் உண்மையான குற்றம் தப்பித்துக்கொள்ளும். குற்றமற்றவர் மீதும் பழி நிற்கும். இவ்விரண்டினாலும் கெடுவது திடலே. ஊரார் நம்பாத சந்தையை வெளியூர் வியாபாரியும் நம்பமாட்டான்.

மாட்டு வியாபாரத்தில் துண்டின் அடியில் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. அது விற்போருக்கும் வாங்குவோருக்கும் உரிய இரகசியம். அதில் பிறருக்கு வேலையில்லை. திடலின் கணக்கோ துண்டின் அடியில் இருக்கத்தக்கதன்று. சுங்கம் செலுத்திய ஒவ்வொருவருக்கும், பங்குத்தொகை கட்டிய ஒவ்வொரு அங்கத்தினருக்கும் அதில் உரிமை உண்டு.

3. குறைகூறுமுன் எண்ணிப் பார்க்க

சந்தேகத்தைத் தீர்ப்பதற்கு முதற்படி எண்ணிக்கை. ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு சங்கத்தின் திடலில் விற்பனையாகும் மாடு ஒன்றுக்கு ரூ. 50 சுங்கம் என்றும், வருஷத்தில் மழையால் 2 வாரம் கழிய, 50 வாரம் சந்தை கூடுகிறதென்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தில் சுங்க வரவு ரூ. 3,15,000 என்று இருக்கிறது.

அங்கத்தினர் சிலர் தை மாதத்தில் மூன்று சந்தை நாட்களில் வாசலில் நின்று எண்ணுகின்றனர். விற்பனையான மாடுகள் 170, 190, 180. சராசரி 180. இதன்படி வாரத்துக்கு ரூ. 9,000 ஆகவும் 50 வாரத்துக்கு ரூ. 4,50,000 ஆகவும் வரவேண்டும். கணக்கில் ரூ. 1,35,000 குறைகிறது. இத்தொகையைக் கேட்டவுடன் ஊர் கொதிக்கும்.

ஆனால் தை மாதம் மாட்டு வியாபாரம் மிகுந்த பருவம். நடவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் பாதி மாடுகளே வரும். ஆகவே அதே அங்கத்தினர் பொறுமையோடு மற்றப் பருவத்திலும் எண்ணுகின்றனர். அப்போது சராசரி 90. மிகுந்த வாரங்கள் 26, குறைந்த வாரங்கள் 24 என்று கொண்டால், 4,680 மாடுகளும் 2,160 மாடுகளும் ஆக 6,840 மாடுகள், சுங்கம் ரூ. 3,42,000. கணக்கில் உள்ளதற்கும் இதற்கும் வித்தியாசம் ரூ. 27,000 மட்டுமே. இது 540 மாடுகளின் சுங்கம். வாரத்துக்குச் சுமார் 11 மாடு.

இவ்வெண்ணிக்கையால் இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. தலைவர் லட்சத்துக்கு மேல் அபகரித்தார் என்ற பேச்சு பொய். வாரத்துக்குப் 11 மாடு ரசீதின்றி வாசலைக் கடக்கிறது என்பது பெரும்பாலும் மெய். அது வசூல்காரரின் தயவினாலோ கவனக்குறைவினாலோ நேர்மையின்மையாலோ நிகழலாம். பொய்யான குற்றச்சாட்டை நீக்கி மெய்யான கேள்வியை எடுத்து வைத்தது எண்ணிக்கையே. எண்ணும்போது இரு தரப்பாரிலும் ஒவ்வொருவர் உடன் நின்று, அன்றன்றே கையெழுத்திடுவது நலம்.

4. எங்கே கேட்பது

எண்ணிய பின் கேட்கவேண்டும். கேட்கும் இடம் திடலின் உரிமையைப் பொறுத்தது. கோயில் நிலத்தில் கூடும் சந்தையானால் கோயில் நிர்வாகத்தாரையும் அறநிலையத் துறையையும் அணுகவேண்டும். பஞ்சாயத்துக்கு உரியதானால், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் கேட்கலாம். 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்துக் குத்தகை ஏலக் கணக்கின் நகலையும் பெறலாம்.

சங்கத்துக்கு உரியதானால் மகாசபையே கேட்கும் இடம். இவ்வுரிமை புதியதன்று. 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டமே, ஒவ்வொரு சங்கத்தின் கணக்கும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் தணிக்கையாக வேண்டுமென்றும், அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர் விண்ணப்பித்தால் ரிஜிஸ்திரார் விசாரணை நடத்தியே தீரவேண்டுமென்றும் விதித்தது. நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கை முதலில் சேமநிதியில் சேர்க்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் இப்போது அமலில் உள்ள 1983-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் தணிக்கைக்கும் விசாரணைக்கும் ஏற்பாடுகள் உண்டு.

விசாரணைக்கு விண்ணப்பிப்பது கடைசி மருந்து. அதற்கு முன், எழுத்து மூலமாகக் கேள்வியைக் காரியதரிசியிடம் கொடுத்து, மகாசபை நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்க்கச் செய்யவேண்டும். கேள்வி ஆளைப் பற்றியதாக இல்லாமல் காரியத்தைப் பற்றியதாக இருத்தல் அவசியம். “தலைவர் யோக்கியரா?” என்பது கேள்வியன்று. “சென்ற வருஷம் அச்சிட்ட ரசீதுப் புத்தகங்கள் எத்தனை, உபயோகித்தவை எத்தனை, மீதம் எங்கே?” என்பது கேள்வி. முன்னதற்குச் சண்டைதான் விடையாகும். பின்னதற்குப் புத்தகத்தை எடுத்து வைத்தே விடை சொல்லவேண்டும்.

5. தலைவருக்கும் கமிட்டியாருக்கும்

கேள்வியை அவமானமாக நினைப்பது நிர்வாகிகளிடம் காணப்படும் பெரிய குறை. பல வருஷம் கைப்பணம் செலவழித்து உழைத்த தலைவருக்கு, கணக்குக் கேட்டால் மனம் வருந்துவது இயற்கையே. ஆயினும் கேள்விக்கு விடை சொல்லாமல் கோபத்தில் ராஜிநாமா எழுதிக் கொடுத்துப் போவது, தம் மீதுள்ள சந்தேகத்தைத் தாமே உறுதிப்படுத்துவதாகும். உழைப்பு எவ்வளவு பெரிதாயினும் அது ரசீதுக்கு ஈடாகாது.

கேட்குமுன்னரே செய்யத்தக்கவை மூன்று. ஒவ்வொரு சந்தை நாள் மாலையிலும் வந்த மாடு, விற்ற மாடு, சுங்க வரவு ஆகிய மூன்று எண்களை வாசற்பலகையில் எழுதச் செய்க. தம் உறவினர் ஏலம் கேட்கும் நாளில் தலைவர் தலைமைப் பொறுப்பை வேறொருவரிடம் விட்டு விலகி நிற்க. வசூல்காரரையும் பணம் வைத்திருப்பவரையும் ஒருவராக வைக்காதிருக்க. இம்மூன்றுக்கும் செலவு ஒரு பலகையும் சுண்ணக்கட்டியுமே.

குற்றம் மெய்யென்று தெளிந்தால் மகாசபை தயங்காமல் நிர்வாகத்தை மாற்றவேண்டும். ஆனால் ஆளை மாற்றியதோடு காரியம் முடிந்ததென்று கருதலாகாது. பழைய ரசீது முறையே நீடித்தால், புதிய தலைவர் மீதும் அடுத்த வருஷம் அதே பேச்சு எழும்.

6. திடலைச் சீர்படுத்தல்

நம்பிக்கை திரும்பியதற்குச் சாட்சி திடலில் கண்ணால் காணப்படவேண்டும். மிச்சமான முதல் பணத்தைத் தண்ணீருக்குச் செலவிடுக, அடுத்து மாடு ஏற்றும் மேடைக்கு, பிறகு நிழலுக்கு. வேம்பும் புங்கும் நட்டால் சில ஆண்டுகளில் பயன் தரும். அதுவரையில் ஓலைப் பந்தல் போதும். நோயுற்ற கால்நடைகளை வாசலிலேயே பிரித்து நிறுத்த ஓர் இடமும், சந்தை நாளில் கால்நடை மருத்துவரின் வருகையும் வேண்டும். ஒரு காலத்தில் கிராமம் கிராமமாக மாடுகளை அழித்த வெக்கை நோய், தடுப்பூசியாலும் கண்காணிப்பாலும் 2011-இல் உலகத்தினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரிக்கும் அத்தகைய ஒழுங்கே மருந்து.

சர்க்கார் மானியம் கிடைத்தால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்வதுண்டு. இதைப் பற்றி அமெரிக்க நாட்டு அனுபவம் கவனிக்கத்தக்கது. அங்கே எல்கானா வாட்சன் என்பவர் 1810-இல் பிட்ஸ்பீல்டு என்னும் ஊரில் கால்நடைக் காட்சி நடத்தி, அடுத்த வருஷம் பெர்க்ஷயர் விவசாயச் சங்கம் தோன்றக் காரணமானார். அதைப் பின்பற்றிப் பல சங்கங்கள் எழுந்தன. 1819-இல் நியூயார்க் மாகாணச் சட்டசபை அச்சங்கங்களுக்குப் பண உதவி அளித்தது. சில வருஷங்களில் உதவி நின்றது. நின்றவுடன் பெரும்பாலான சங்கங்கள் கலைந்தன. 1841-இல் உதவி மீண்டும் வந்த பிறகே அவை தலையெடுத்தன. மானியத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. அங்கத்தினர் தம் பங்கையும் கவனத்தையும் செலுத்தாத திடல், மானியம் நிற்கும் நாளில் தானும் நிற்கும் என்பதை மறவாதிருக்கவேண்டும்.

சந்தைக்கு வரும் சிறு விவசாயிக்கு வருஷத்தில் கையில் வரும் பெருந்தொகை, ஒரு காளையோ கறவையோ விற்ற பணமே. மகள் கலியாணமும், மகன் படிப்பும், அடைக்கவேண்டிய கடனும் அதை நம்பியிருக்கின்றன. திடல் கலைந்தால் அவன் தன் வீட்டு வாசலில், தரகர் சொன்ன விலைக்கே விற்கவேண்டியவனாவான். ஆகையால் திடலின் கணக்கைக் கேட்பது அவன் பொருட்டுச் செய்யும் கடமை. அதற்கு நேராக விடை கூறுவதும் அவ்வாறே.

அங்கத்தினர் கூடிப் பேசுவதற்குக் கேள்விகள்

1. நம் ஊர்த் திடல் யாருக்கு உரியது? அதன் கணக்கைக் கேட்கும் இடம் எது?

2. சென்ற மூன்று வருஷங்களில் வரும்படி குறைந்திருந்தால், காரணம் இருவகைகளில் எதைச் சேர்ந்தது?

3. சுங்க விகிதப் பலகை வாசலில் உண்டா? அதை எழுத்தறியாதவருக்குப் படித்துச் சொல்ல ஆள் உண்டா?

4. மிகுந்த பருவத்தில் இரண்டு சந்தை நாளும் குறைந்த பருவத்தில் இரண்டு சந்தை நாளும் வாசலில் நின்று எண்ண இசைபவர் யார்?

5. அடுத்த மகாசபைக்கு எழுதிக் கொடுக்கவேண்டிய ஒரு கேள்வியை, எவர் பெயரும் சேர்க்காமல், இரண்டு வரியில் எழுதுக.