பிக்கப் வண்டி டீசல் அதிகம் குடிப்பது ஏன்?

உரம், கூலி, மருந்து ஆகியவற்றுக்குக் கணக்கு எழுதும் விவசாயிகள் பலர், விளைந்ததை மார்க்கெட்டில் சேர்க்கும் வண்டியின் டீசலுக்குக் கணக்கு எழுதுவதில்லை. "வண்டி முன்போல் மைலேஜ் தருவதில்லை" என்ற பேச்சு மட்டும் அடிக்கடி எழுகிறது. உடனே ஒர்க்‌ஷாப்பில் நாசிலும் பம்பும் கழற்றப்படுகின்றன. பல ஆயிரம் ரூபாய் செலவாகியும் மைலேஜ் பழைய நிலைக்குத் திரும்பாமல் போவதுண்டு. கோளாறு இன்ஜினில் இல்லாதபோது இன்ஜினைப் பிரிப்பதால் பயன் இல்லை. காரணத்தை வரிசையாகத் தேடினால் பெரும்பாலும் குறைந்த செலவிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வயல்கள் பெரும்பாலும் வீட்டு மனைகளாகிவிட்டன. எனினும் மணிமங்கலம், படப்பை பக்கத்து விளைபொருள் ஏற்றிய வண்டிகள் முடிச்சூர் சாலை வழியாகத்தான் தாம்பரத்துக்கும் கோயம்பேட்டுக்கும் செல்கின்றன. மேற்கே உள்ள ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் சேரும் வழியில் இவ்வூர் அமைந்திருக்கிறது. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் முடிச்சூரும் பக்கத்து வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியதையும், மக்கள் படகுகளில் மீட்கப்பட்டதையும் பலரும் அறிவர். அவ்வளவு பெரிய வெள்ளம் வராத ஆண்டுகளிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாழ்வான சாலைகளில் தேங்கும் தண்ணீரில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது. மைலேஜ் குறைவதற்கும் இத்தண்ணீருக்கும் உள்ள தொடர்பைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

நஷ்டம் எவ்வளவு?

முடிச்சூரிலிருந்து கோயம்பேடு போய் வர ஏறத்தாழ 60 கிலோ மீட்டர் என்று கொள்வோம். மாதம் 25 நடை என்றால் 1,500 கிலோ மீட்டர். லிட்டருக்கு 14 கிலோ மீட்டர் ஓடிய வண்டிக்கு இதற்கு 107 லிட்டர் போதும். அதே வண்டி 11 கிலோ மீட்டர்தான் ஓடுகிறது என்றால் 136 லிட்டர் வேண்டும். கூடுதல் செலவு 29 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 2,700 ரூபாய். ஆண்டுக்கு 32,000 ரூபாய். கீரையும் கத்தரிக்காயும் கொண்டு செல்லும் சிறு விவசாயிக்கு இது ஒரு போகத்தின் லாபத்தையே தின்றுவிடக்கூடிய தொகை.

"மூன்று கிலோ மீட்டர்தானே குறைந்தது" என்று எண்ணுவது தவறு. செலவாகும் டீசல் நூற்றுக்கு 27 பங்கு கூடியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

முதலில் அளவு சரியா?

மைலேஜ் உண்மையாகவே குறைந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். 500 ரூபாய்க்கும் 1,000 ரூபாய்க்கும் டீசல் போட்டு, முள்ளைப் பார்த்துக் கணக்கிடுவது நம்பத்தக்க முறை அன்று. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, துப்பாக்கி தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் விளிம்பு வரை ஊற்றக் கூடாது. அடுத்த முறையும் அதே பங்கில், அதே பம்பில், அதே விதமாக நிரப்ப வேண்டும். ஓடிய கிலோ மீட்டரை, இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். ஒரு முறை நிரப்பியதை வைத்து முடிவு கட்டாமல், மூன்று முறையாவது அளந்து சராசரி பார்ப்பது நல்லது.

டயர் மாற்றியிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீட்டர், சக்கரம் சுற்றும் சுற்றுகளை வைத்தே தூரத்தைக் கணக்கிடுகிறது. தேய்ந்த டயர் சிறியது. ஒரே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். ஆகவே மீட்டர் சற்று அதிகம் காட்டும். புது டயரோ, அளவில் பெரிய டயரோ போட்டால் மீட்டர் குறைவாகக் காட்டும். டயரின் சுற்றளவு நூற்றுக்கு 5 பங்கு கூடினால், டீசல் செலவு மாறாமலே மைலேஜ் ஏறத்தாழ 5 பங்கு குறைந்தது போலத் தோன்றும்.

வேலை மாறியிருக்கிறதா?

வண்டி மாறாமல் அதன் வேலை மாறியிருக்கலாம். சுமை கூடியிருக்கிறதா, ஓட்டுநர் மாறியிருக்கிறாரா, நெரிசல் மிகுந்த வழியில் போகிறதா, மார்க்கெட்டில் இன்ஜினை ஓட விட்டு நெடுநேரம் காத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஓடும் டீசல் இன்ஜின் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் செலவிடும்.

வேகமும் முக்கியமானது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை வந்தபின், நெரிசலில் ஊர்ந்த வண்டிகள் அங்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. காற்று தரும் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி உயரும். 50 கிலோ மீட்டர் வேகத்தில் உள்ள எதிர்ப்பு, 80இல் இரண்டரை மடங்காகிவிடும். கூடைகளை உயரமாக அடுக்கி, தார்ப்பாய் படபடக்க ஓடும் வண்டிக்கு இது இன்னும் பாதகம். 1978இல் மத்திய அரசின் ஆதரவில் அமைந்த பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோ மீட்டர் வேகத்தையே சிக்கனமானது என்று சொல்லி வருகிறது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவதும், சரக்கு இல்லாதபோது மேல் சட்டங்களைக் கழற்றி வைப்பதும் காசு செலவில்லாத சிக்கனங்கள்.

அடுத்து சக்கரம்

இன்ஜினுக்குப் போகும் முன் சக்கரங்களைச் சோதிக்க வேண்டும். டயரில் காற்று குறைந்தால் உருளும் எதிர்ப்பு கூடும். நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பவுண்டு காற்று குறைந்தால் மைலேஜ் நூற்றுக்கு 0.2 பங்கு குறையும் என்பது கார்களை வைத்து அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. அப்படியானால் 10 பவுண்டு குறைந்தாலும் மைலேஜில் 2 பங்குதான் போகும். நூற்றுக்கு 20 பங்கு மைலேஜ் குறைந்த வண்டியில் காற்றை மட்டும் சரி செய்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. வேறு காரணமும் இருக்கிறது என்று தேட வேண்டும். எனினும் சுமை ஏற்றும் வண்டியில் காற்று குறைந்தால் டயர் சூடாகி வெடிக்கும் ஆபத்து உண்டு. ஆகவே வாரம் ஒரு முறை, ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார்ப்பது அவசியம். எவ்வளவு காற்று என்பது கதவு ஓரத்தில் ஒட்டிய சீட்டிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். வெறும் வண்டிக்கும் சுமை வண்டிக்கும் அளவு வேறு.

முன் டயர் ஓர் ஓரமாகத் தேய்ந்திருந்தாலும், கையால் தடவும்போது ரம்பப் பல் போல் தட்டுப்பட்டாலும், சக்கரங்கள் நேராக இல்லை என்று அறியலாம். அப்படி ஓடும் டயர் உருளாமல் சற்றே இழுபடுகிறது. டீசலும் வீண், டயரும் வீண்.

மழைக்குப் பின் பிடிக்கும் பிரேக்

தண்ணீரில் ஓடிய வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிரேக்கை. பிக்கப் வண்டிகளின் பின் சக்கரங்களில் பெரும்பாலும் டிரம் பிரேக் இருக்கும். தேங்கிய நீரில் இறங்கும்போது டிரம்முக்குள் தண்ணீரும் வண்டலும் புகுகின்றன. தண்ணீர் காய்ந்த பிறகும் வண்டல் தங்கிவிடும். ஸ்பிரிங்கும் வீல் சிலிண்டரும் துருப்பிடிக்கும். ஹேண்ட் பிரேக் கேபிளின் உறைக்குள் துரு ஏறினால், லீவரை இறக்கினாலும் கேபிள் முழுவதும் திரும்பாது. பிரேக் லேசாகப் பிடித்தபடியே வண்டி ஓடும். ஓட்டுபவருக்கு இது தெரிவதில்லை. இன்ஜின் மட்டும் அந்தப் பாரத்தையும் சேர்த்து இழுக்கிறது. வீல் பேரிங்கின் கிரீஸில் தண்ணீர் கலந்தாலும் இதே கதிதான். பேரிங்கும் சீக்கிரம் கெடும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பத்துக் கிலோ மீட்டர் ஓட்டியபின், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது, சுட்டுவிடும். மற்றவற்றைவிட ஒரு சக்கரத்தில் அனல் அதிகம் வீசினால், அங்கே பிரேக்கோ பேரிங்கோ பிடிக்கிறது. பின்னர் வண்டி ஆறியதும், சமதளத்தில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முன் சக்கரம் தடையின்றிச் சில சுற்று சுற்ற வேண்டும். பின் சக்கரத்தைச் சோதிக்கும்போது கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட வேண்டும். கியர் பெட்டியின் இழுப்பு சிறிது இருக்கும். அதற்கு மேல் தடையோ உரசல் ஓசையோ இருந்தால் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

மழைக்காலத்தில் சில பழக்கங்கள் பயன் தரும். தண்ணீரைக் கடந்ததும், பின்னால் வண்டி இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கைச் சில முறை லேசாக அழுத்தி ஈரத்தை உலர்த்த வேண்டும். ஈரமான பிரேக்குடன் இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால், லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே மேல். மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் நான்கு சக்கரங்களையும் ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்தல் நலம். இன்ஜின் வரை மூழ்கிய வண்டியை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே வீணாகும்.

இறுதியாக இன்ஜின்

சக்கரத்தில் குறை இல்லை என்று உறுதியானபின் இன்ஜினைப் பார்க்கலாம். முதலில், இரவு நிறுத்திய இடத்தில் தரையில் டீசல் சொட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறுமுகத்தில் இன்ஜின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. நெடுந்தூரம் ஓடியும் சூடு காட்டும் முள் மேலே வராவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கலாம். குளிர்ந்தே ஓடும் இன்ஜின் டீசலை அதிகம் கேட்கும். இது விலை மலிவான பாகம். இருந்தும் கவனிக்கப்படாமலே போகிறது.

கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. ஏர் ஃபில்டர், டர்போ குழாய்களில் வெடிப்பு, டீசல் ஃபில்டர், பிறகே நாசில் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். தண்ணீரில் நனைந்த காகித ஃபில்டரைக் காயவைத்துப் போடக் கூடாது, மாற்ற வேண்டும். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரையும் குறித்த காலத்தில் வடித்துவிட வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பலவற்றில் சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. பிடித்த கரியை எரிக்க வண்டி கூடுதல் டீசலைச் செலவிடும். தினமும் நாலைந்து கிலோ மீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் கரி முழுவதும் எரிந்து முடியாது. மீண்டும் மீண்டும் எரிக்க முயல்வதால் மைலேஜ் குறையும். அதற்குரிய விளக்கு எரிந்தால், வண்டிப் புத்தகத்தில் கூறியபடி சீரான வேகத்தில் சற்று நீண்ட தூரம் ஓட்ட வேண்டும்.

பெட்ரோலில் ஓடும் சிறு வண்டிகளுக்கு வேறொரு காரணமும் உண்டு. எத்தனால் தரும் எரிசக்தி, அதே அளவு பெட்ரோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நூற்றுக்கு 10 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலிலிருந்து 20 பங்கு கலந்ததற்கு மாறும்போது, லிட்டருக்கு ஏறத்தாழ 3 பங்கு சக்தி குறைகிறது. அந்த அளவு குறைவுக்கு வண்டியைக் குறை சொல்ல முடியாது. டீசல் வண்டிக்கு இக்காரணம் பொருந்தாது.

மைலேஜைக் கூட்டும் என்று விற்கப்படும் மாத்திரை, காந்தம் முதலியவற்றில் பணத்தைப் போட வேண்டியதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய பொருள்களை ஆராய்ந்தும், குறிப்பிடத்தக்க பலன் தருவதாக எதையும் காணவில்லை.

ஒவ்வொன்றாக மாற்றுக

காற்று, பிரேக், ஃபில்டர் மூன்றையும் ஒரே நாளில் சரி செய்தால் எதனால் பலன் கிடைத்தது என்று தெரியாது. ஒன்றைச் சரி செய்து, டேங்க் நிரப்பி அளந்து, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். பிரேக், கசிவு போன்று ஆபத்து உள்ளவற்றை மட்டும் கண்டவுடனே சரி செய்துவிட வேண்டும்.

தேதி, மீட்டர் எண், லிட்டர், ஏற்றிய சுமை, செய்த வேலை ஆகிய ஐந்தையும் எழுத வண்டியில் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். மைலேஜ் எந்த வாரம் குறையத் தொடங்கியது, அதற்கு முன் வண்டி தண்ணீரில் இறங்கியதா, டயர் மாறியதா என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும். மெக்கானிக்கிடம் "டீசல் அதிகம் குடிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல் அந்த நோட்டைக் காட்டினால், தேவையற்ற வேலைகள் குறையும், செலவும் குறையும்.