வளைவில் தண்ணீர் நிற்கட்டும், மேலே காற்று போகட்டும்! பாத்ரூம் வாடைக்கு 25 குறிப்புகள்

பெங்களூர், ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டு ஆடிப்பெருக்குக்குப் பென்னாகரம் வந்து பூட்டைத் திறந்தால், முதலில் மூக்கில் ஏறுவது பாத்ரூம் வாடைதான். ஊதுபத்தியும் பினாயிலும் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது. நிறுத்த இரண்டே வேலை: குழாய் வளைவுகளில் தண்ணீர் நிற்க வேண்டும், செப்டிக் டேங்க் காற்று கூரைக்கு மேலே வெளியேற வேண்டும். இந்த இரண்டையும் அதிகச் செலவில்லாமல் சரிசெய்ய நம் வீட்டுக் கைவேலைகள் இதோ.

1. வாடை எந்த ஓட்டையிலிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரவு எல்லோரும் குளித்து முடித்ததும் பாலிதீன் பைகளில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு, தரை ஜாலி, சிங்க், வாஷ்பேசின் ஓட்டைகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்து மூடுங்கள். காலையில் ஒவ்வொரு பையாக எடுத்து முகர்ந்தால் ஆள் மாட்டிக்கொள்ளும். நல்ல தரையை உடைக்கிற வேலையும் மிச்சம்.

2. விருந்தாளி பாத்ரூம், மாடி பாத்ரூம் என்று அதிகம் புழங்காத இடத்தில்தான் வாடை முதலில் வரும். தரைக்குள் இருக்கும் நானி ட்ராப்பில் நிற்கிற தண்ணீர் வெயிலுக்குக் காய்ந்து, டேங்க் காற்று நேராக வீட்டுக்குள் வந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள், சித்திரை வைகாசியில் இரண்டு முறை.

3. பல நாள் வீட்டைப் பூட்டிப் போகிறீர்களா? எல்லா ஜாலியிலும் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி கடலை எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே மிதந்து தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் பார்த்துக்கொள்ளும். அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி இதற்கென்று ஒரு பாட்டிலில் எடுத்து வைத்தால் தனிச் செலவே கிடையாது.

4. கிராமப்புறக் கழிப்பறைகளில் வைக்கும் சரிவான பேசினின் வளைவில் 20 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் பூட்டு நிற்கும். குறைந்த தண்ணீரில் சுத்தமாவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மற்ற ட்ராப்புகளில் வழக்கமாக 50 மில்லிமீட்டர் நிற்கும். அதனால் சரிவுப் பேசின் சீக்கிரம் வறண்டுவிடும், ஊருக்குப் போகும்போது அதன் மேல் ஒரு பாலிதீன் தாளை விரித்து ஓரங்களில் கல் வைத்துவிட்டுப் போங்கள்.

5. தரை ஜாலியைத் தூக்கிப் பாருங்கள், அடியில் கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருக்க வேண்டும். தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று பல வீடுகளில் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள், அன்றைக்கே வாடை ஆரம்பிக்கிறது. கிண்ணம் மட்டும் தனியாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பழைய ஜாலியைக் கையோடு எடுத்துப் போனால் அளவு தப்பாது.

6. கிண்ணம் இருந்தும் தண்ணீர் தேங்கினால் அதைச் சுற்றித் தலைமுடியும் சோப்புப் பசையும் சேர்ந்திருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, முடியைக் கையால் எடுத்துக் குப்பையில் போடுங்கள். அந்தக் கறுப்புப் பசையே தனியாக நாறும் என்பதால், சுத்தம் செய்தாலே பாதி வாடை அடங்கிவிடும்.

7. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் களக் களக்கென்று விக்கி விக்கித்தான் எண்ணெய் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஊற்றும். கழிவுக் குழாயும் அதே மாதிரிதான், உள்ளே போகக் காற்று இல்லாவிட்டால் பக்கத்து ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஃப்ளஷ் செய்ததும் தரை ஜாலியில் களக் களக் சத்தம் கேட்டால், காற்றுக் குழாய் இல்லை அல்லது அடைத்திருக்கிறது என்று பொருள்.

8. சத்தம் சந்தேகமாக இருந்தால் ஒரு வாளிச் சோதனை செய்யுங்கள். ஒருவர் டாய்லெட்டில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றட்டும், இன்னொருவர் ஜாலியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கட்டும். உள்ளே நிற்கும் தண்ணீர் ஆடினால், இறங்கினால், குமிழி விட்டால் கோளாறு காற்றுப் போக்கில்தான். ட்ராப்பை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

9. காற்றுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி போதும். மொட்டை மாடியில் குழாயின் மேல் துண்டைக் கழற்றி, வெயிலைக் கண்ணாடியில் வாங்கி உள்ளே அடித்தால் குளவிக் கூடு, குருவி வைத்த வைக்கோல், புளிய இலைச் சருகு எல்லாம் பளிச்சென்று தெரியும். நீளமான ஒயரின் நுனியில் கொக்கி வளைத்துச் சருகை மேலே இழுங்கள், கீழே தள்ளினால் வளைவில் போய் மாட்டிக்கொள்ளும்.

10. காற்றுக் குழாய் பக்கத்திலோ டேங்க் மூடி பக்கத்திலோ தீக்குச்சி, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. டேங்க்கில் உண்டாகும் காற்றில் மீத்தேன் இருக்கிறது, சாண எரிவாயு அடுப்பில் எரிகிற அதே வாயு. காற்று வருகிறதா என்று பார்க்க ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள், அசைவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

11. குழாயின் வாயில் கொசு வலை கட்டாயம் வேண்டும். செப்டிக் டேங்க் தண்ணீரில் கியூலெக்ஸ் கொசு பெருகி, குழாய் வழியாகத்தான் வெளியே வரும். நைலான் வலை வெயிலுக்கு இற்றுவிடும் என்பதால், ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய அலுமினிய வலையை இரண்டு அங்குலம் மடித்துக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள்.

12. காற்றுக் குழாய் உயரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். குறைந்தது 50 மில்லிமீட்டர் விட்டம், மேலே கொசு வலை, டேங்க் வீட்டை ஒட்டி இருந்தால் கட்டடத்துக்கு மேல் 2 மீட்டர் உயரம் என்பது செப்டிக் டேங்குக்கான ஐ.எஸ். 2470 இந்தியத் தர விதி. கோடையில் மாடியில் பாய் போட்டுப் படுக்கிற வீட்டில், மூக்குக்கு நேரே முடிகிற குட்டைக் குழாயை நீட்டிவிட்டாலே நிம்மதியாகத் தூங்கலாம்.

13. நம் ஊர் ஆடிக் காற்றுக்கு நீட்டிய குழாய் ஆடி ஆடி அடியில் விரிசல் விடும், அங்கிருந்து வாடை கசியும். ஆறு அடிக்கு ஒரு கிளாம்ப் அடித்துச் சுவரோடு பிடித்துக் கட்டுங்கள். பி.வி.சி. குழாய்க்கு மேலே மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட் ஒரு கை பூசினால் வெயிலுக்கு நொறுங்காமல் பல வருடம் வரும்.

14. அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கிற நகரும் வீடுகளில், சிங்க்குக்கு அடியிலேயே ஒருவழிக் காற்று வால்வு பொருத்திவிடுகிறார்கள். அது காற்றை உள்ளே மட்டும் விடும், வாடையை வெளியே விடாது. தகரக் கொட்டகை, ஓட்டு வீடு என்று கூரையைத் துளைக்க முடியாத இடத்தில் சிங்க் களக் களக் என்றால் நாமும் இதை ஆன்லைனில் வாங்கி வைக்கலாம். ஆனால் டேங்க் காற்று வெளியேறத் தனிக் குழாய் எப்படியும் வேண்டும்.

15. சிங்க் அடியில் நெளிவுக் குழாயை நேராகக் கீழே விட்டிருந்தால், அதை ஒரு வளைவு வளைத்துத் தூக்கிக் கம்பியால் கட்டுங்கள். வளைவில் தண்ணீர் நின்று வாடையை மறிக்கும். 1775-ல் லண்டனில் கடிகாரம் செய்கிற அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை வாங்கிய ‘எஸ்’ வளைவு செய்வதும் இதே வேலைதான்.

16. நெளிவுக் குழாயைத் தரைக் குழாய்க்குள் சொருகியிருக்கும் இடத்தில் சுற்றிலும் இடைவெளி இருக்கும். கரப்பானும் வாடையும் அந்த வழியாகத்தான் வரும். பஞ்சர் கடையில் ஒரு பழைய சைக்கிள் ட்யூப் வாங்கி நீளவாக்கில் கிழித்து, குழாயில் இறுக்கமாகச் சுற்றி உள்ளே அழுத்துங்கள். வேண்டும்போது கழற்றலாம், சிமெண்ட் வைத்து அடைத்தால் அது முடியாது.

17. களி கிண்டிய பானையை ஊறவைத்த தண்ணீரை சிங்க்கில் கொட்டாதீர்கள். கேழ்வரகு மாவு குழாய்ச் சுவரில் பசை மாதிரி ஒட்டிப் புளித்து நாறும், எண்ணெயும் சேர்ந்தால் கட்டியாகிவிடும். கையால் வழித்துக் கழுநீர்த் தொட்டியில் போட்டால் மாட்டுக்கும் ஆயிற்று, குழாயும் சுத்தம்.

18. வாஷ்பேசினின் மேல் ஓரத்தில் தண்ணீர் வழிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்குள் எச்சிலும் பேஸ்ட்டும் படிந்து வருகிற வாடையை டேங்க் வாடை என்று நினைத்துவிடுவோம். மெல்லிய பிரஷை விட்டுத் தேய்த்து, ஒரு சொம்பு வெந்நீரை அந்த ஓட்டை வழியாகவே ஊற்றுங்கள்.

19. டாய்லெட் பேசின் தரையோடு சேரும் இடத்தில் வெள்ளை சிமெண்ட் விட்டுப்போனாலும் வாடை வரும். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் தாராளமாகப் பேசினில் கலந்து, ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவை தண்ணீர் ஊற்றுங்கள். ஓரத்தில் நீலம் கசிந்தால் இணைப்பையே கழற்றிச் சரிசெய்ய வேண்டும். கசியாமல் விரிசல் மட்டும் தெரிந்தால் ஒரு பாக்கெட் வெள்ளை சிமெண்ட்டில் வேலை முடிந்தது.

20. வாசல் பக்கம் சேம்பர் மூடியின் ஓரத்திலிருந்து வாடை வந்தால் களிமண்ணைக் குழைத்துச் சுற்றிலும் பூசுங்கள். அடைப்பு எடுக்கத் திறக்கும்போது லேசாகத் தட்டினால் பெயர்ந்துவிடும். சிமெண்ட் பூசினால் ஒவ்வொரு முறையும் உடைத்துப் பூசக் கொத்தனார் கூலி அழ வேண்டும்.

21. வாடை வருகிறதே என்று பினாயிலும் ஆசிட்டும் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால், டேங்க்கில் கழிவைக் கரைக்கிற கிருமிகள் செத்து வாடை இன்னும் அதிகமாகும். போர் தண்ணீரால் படிகிற வெள்ளைக் கறைக்கு எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து இரவு ஊறவிட்டுக் காலையில் தேய்த்தால் போதும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

22. புதுவீடு கட்டியவர்கள் டேங்க்கை வெறுமையாக விட்டுப் புழங்க ஆரம்பிக்காதீர்கள். வெளியேறும் குழாய் மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, மட்கிய சாணம் கொஞ்சம் கரைத்து ஊற்றினால் கிருமிகள் சீக்கிரம் வேலை தொடங்கும். இது தொடக்கத்தில் ஒரு தடவைக்கு மட்டும். மாதா மாதம் சாணம் ஊற்றினால் டேங்க்தான் சீக்கிரம் நிறையும்.

23. அரசின் 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் பல வீடுகளில் கட்டியது இரட்டைக் குழிக் கழிப்பறை. அதில் வாயுவைச் சுற்றியுள்ள மண்ணே இழுத்துக்கொள்ளும் என்பதால் காற்றுக் குழாய் தேவையில்லை, யாராவது சொன்னார்கள் என்று வைக்காதீர்கள். வாடை வந்தால் இரண்டு குழிக்கும் பிரிகிற தொட்டியின் மூடியையும், புழங்காத குழிப் பக்க அடைப்பையும் களிமண்ணால் இறுக்கினால் சரியாகிவிடும்.

24. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிற சொந்தமெல்லாம் வழியில் நம் வீட்டில் இறங்குவார்கள், ஒரே நாளில் பத்து வாளி கூடுதலாகப் போகும். தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, எல்லா ஓட்டையிலும் ஒரே சமயத்தில் வாடை என்றால் டேங்க் நிறைந்துவிட்டது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உரிமம் உள்ள வண்டியை வைத்து எடுத்துவிடுங்கள். பேரூராட்சியில் விசாரிக்கலாம், 14420 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

25. எந்தக் காரணத்துக்காகவும் டேங்க்குக்குள் யாரையும் இறக்காதீர்கள், நீங்களும் தலையை நீட்டிப் பார்க்காதீர்கள். அழுகிய முட்டை மாதிரி நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்யும். வாடை நின்றதே என்று இறங்குகிறவர் அடுத்த மூச்சில் மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் வருடச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். நம் வீட்டு வாடைக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிர் போகக் கூடாது.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் ஒரு சொம்புத் தண்ணீர், அடுத்து ஜாலிக் கிண்ணம், பிறகு சைக்கிள் ட்யூப்பும் களிமண்ணும், அதற்கும் அடங்காவிட்டால் மாடியில் காற்றுக் குழாய். இத்தனையும் பார்த்த பிறகும் வாடை இருந்தால் மட்டும் பிளம்பரைக் கூப்பிடுங்கள். எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று சொல்லிவிட்டால் அவருக்கும் பாதி வேலை குறையும், உங்களுக்கும் பாதிக் கூலி மிஞ்சும்.